ஒவ்வொரு எழுத்தாக

ஒரு கோப்பைத் திறந்தால் நம் கண்ணுக்குப் பெயர், ஊர், கணக்கு எண், தொகை என்று அடுக்கடுக்காகத் தெரிகிறது. கணினிக்கு அப்படி எதுவும் தெரிவதில்லை. அதற்குத் தெரிவது ஒரு எழுத்து. அது போனபின் அடுத்த எழுத்து. சுவரில் ஒரு சின்ன ஓட்டை, அதன் வழியே ஒரு கண்ணை வைத்துக்கொண்டு கூட்ஸ் ரயில் போவதைப் பார்க்கிற மாதிரி. எந்தப் பெட்டியோடு பெயர் முடிந்தது, எந்தப் பெட்டியில் தொகை தொடங்குகிறது என்பதை, கடந்து போன பெட்டிகளை ஞாபகம் வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.

நான் காமர்ஸ் படித்தவன். வங்கியில் வேலை. புரோகிராம் எழுதுவது என் தொழிலல்ல. ஆனால் புரோகிராம்கள் படிக்க மறுத்துத் திருப்பி அனுப்புகிற கோப்புகளோடு மல்லுக்கட்டுவது என் தொழில்தான். சம்பளப் பட்டியல், வசூல் பட்டியல், வெளிநாட்டுப் பணச் செய்தி என்று தினம் ஏதாவது ஒன்று நிற்கும். 'பெயரில் என்ன சார் தப்பு, அப்பா வைத்த பெயர்தானே' என்று கவுண்டரில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று தேடப்போய், நூற்றைம்பது வருஷக் கதை ஒன்று கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை கணினிக்கு முன்பே தொடங்குகிறது. பிரான்ஸில் தந்தித் துறையில் இருந்த எமில் போதோ 1874-ல் ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஒவ்வொரு எழுத்துக்கும் சரியாக ஐந்து துடிப்பு. ஒவ்வொரு துடிப்பும் இருக்கும் அல்லது இருக்காது. ஆக மொத்தம் 32 சேர்க்கைகள். ஆங்கில எழுத்து 26, எண் 10 என்றாலே 36 ஆகிவிடுகிறது. புள்ளி, கேள்விக்குறி எல்லாம் எங்கே வைப்பது? அதற்கு ஒரு தந்திரம். 'இனி வருவதெல்லாம் எண்கள்' என்று ஒரு குறி, 'இனி வருவதெல்லாம் எழுத்துகள்' என்று ஒரு குறி. இடையில் வருகிற அதே ஐந்து துடிப்பு, முன்னால் வந்த குறியைப் பொறுத்து எழுத்தாகவோ எண்ணாகவோ அச்சாகும்.

பின்னாளில் டெலக்ஸ் பயன்படுத்திய எழுத்து வரிசையும் இந்தக் குடும்பம்தான். அதில் க்யூவும் 1-ம் ஒரே துடிப்பு. டபிள்யூவும் 2-ம் ஒன்று. டியும் 5-ம் ஒன்று. பியும் 0-வும் ஒன்று. 1250 ரூபாய் என்று அனுப்பும்போது, வழியில் மின் இரைச்சலில் அந்த மாற்றுக்குறி மட்டும் தொலைந்தால், அந்தப் பக்கம் 'க்யூ டபிள்யூ டி பி' என்று அச்சாகும். ஒரு எழுத்துகூடத் தவறாகப் போகவில்லை. அதற்கு முன்னால் வந்த ஒன்றை மறந்தது மட்டும்தான் பிழை. ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிற எந்த இயந்திரத்துக்கும், இப்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்ற ஞாபகம் வேண்டும் என்பது அப்போதே வந்துவிட்டது.

1963-ல் அமெரிக்காவில் ஆஸ்கி வந்தது. ஏழு பிட், 128 இடம். எழுத்துக்கும் எண்ணுக்கும் தனித்தனி இடம் கிடைத்ததால் மாற்றுக்குறித் தொல்லை தீர்ந்தது. ஆனால் டெலிபிரிண்டரின் எலும்புகள் அதற்குள் அப்படியே இருக்கின்றன. 127-வது இடத்தில் 'அழி' என்ற குறி இருக்கிறது. ஏன் கடைசி இடம்? காகித நாடாவில் ஓட்டை போட்டு எழுத்தைப் பதிவார்கள். தப்பாகப் போட்ட ஓட்டையை அடைக்க முடியாது. ஆனால் மீதி ஓட்டைகளையும் போட்டுவிட முடியும். ஏழும் ஓட்டையானால் 127. படிக்கிற இயந்திரம் அதைக் கண்டால் ஒன்றும் செய்யாமல் தாண்டிப் போகும். லெட்ஜரில் தப்பு வரியைச் சிவப்பு மையால் கோடிழுத்து அடிப்போமே, அதேதான்.

வரி முடிவும் அந்தக் காலத்து மிச்சம். டெலிபிரிண்டரில் அச்சு முனையை இடது ஓரத்துக்குக் கொண்டுபோக ஒரு குறி, காகிதத்தை ஒரு வரி மேலே தள்ள இன்னொரு குறி. யூனிக்ஸ்காரர்கள் இரண்டாவது ஒன்றே போதும் என்றார்கள். மைக்ரோசாஃப்ட் உலகம் இரண்டையும் வைத்துக்கொண்டது. அதனால்தான் யூனிக்ஸ் சர்வரில் உருவான அறிக்கையை நோட்பேடில் திறந்தால் ஐநூறு வரியும் ஒரே நீள வரியாகக் கிடந்தது. 2018-ல்தான் நோட்பேடுக்கு அந்த ஒற்றைக் குறி புரிய ஆரம்பித்தது. அதுவரை அந்த அறிக்கையைப் பார்த்தவர்கள் எல்லாம் கோப்பு கெட்டுவிட்டது என்றே நினைத்தார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு வழியும் இருந்தது: துளையட்டை. ஹெர்மன் ஹாலரித் 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குச் செய்தது. 1928-ல் ஐபிஎம் அதை 80 பத்தி அட்டையாக்கியது. இங்கே எழுத்து என்ன என்பதைவிட அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். 1957-ல் வந்த ஃபோர்ட்ரான் மொழியில் முதல் ஐந்து பத்தி வரி எண்ணுக்கு, ஆறாவது தொடர்ச்சிக் குறிக்கு, 7 முதல் 72 வரை கட்டளைக்கு. மீதி எட்டில் என்ன எழுதினாலும் கணினி கண்டுகொள்ளாது. சம்பளப் பட்டியலில் 'பெயர் இத்தனாவது இடத்தில் தொடங்க வேண்டும், மீதி இடத்தை வெற்றிடத்தால் நிரப்ப வேண்டும்' என்று வங்கிகள் கேட்பது இந்த அட்டையின் வாரிசு. அட்டை போய்விட்டது, பத்தி போகவில்லை. ஒரு வெற்றிடம் கூடினால் அதற்கப்புறம் எல்லாமே ஒரு இடம் நகர்ந்து, பெயரின் கடைசி எழுத்து தொகைக்குள் போய் உட்காரும்.

இந்த இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர்கள் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும். 1969-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸைத் தொடங்கியபோது, கோப்பு என்றால் பைட்டுகளின் வரிசை, அவ்வளவுதான் என்று முடிவு செய்தார்கள். பத்தி கிடையாது, பதிவு கிடையாது, நீளம் கிடையாது. உள்ளே என்ன அர்த்தம் என்பது படிக்கிற புரோகிராமின் பாடு. அன்றைய பெரிய கணினிகளில் கோப்பு உருவாக்கும்போதே பதிவின் நீளம் இவ்வளவு என்று சொல்லியாக வேண்டும். அவற்றோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய ஒன்றுமே செய்யாமல் கைவிரிப்பது. ஆனால் அந்தக் கைவிரிப்பால்தான் எந்த புரோகிராமின் வெளியீட்டையும் எந்த புரோகிராமும் படிக்க முடிந்தது. என்னைக் கேட்டால் அவர்கள் செய்ததில் பெரிய காரியம் இதுதான்.

ரிட்சி 1970-களின் தொடக்கத்தில் சி மொழியை உருவாக்கினார். 1978-ல் பிரையன் கெர்னிகனும் அவரும் எழுதிய புத்தகம் வந்தது. முதல் அத்தியாயத்திலேயே கெட்சார் என்ற சின்ன வேலைக்காரன் வந்துவிடுவான். கூப்பிட்டால் அடுத்த எழுத்து ஒன்றைக் கொண்டுவந்து தருவான். அதை மட்டும் வைத்து கோப்பை நகலெடுப்பது, எழுத்துகளை எண்ணுவது, வரிகளை எண்ணுவது, சொற்களை எண்ணுவது என்று படிப்படியாகப் போவார்கள். சொற்களை எண்ணுவதில்தான் போதோவின் ஞாபகம் திரும்பி வருகிறது: சொல்லுக்குள் இருக்கிறோமா, வெளியே இருக்கிறோமா என்று ஒரே ஒரு குறிப்பை வைத்துக்கொள்ள வேண்டும். வெற்றிடம் வந்தால் வெளியே. வேறு எழுத்து வந்து, நாம் வெளியே இருந்தால், புதுச் சொல் தொடங்கிவிட்டது. எண்ணிக்கையில் ஒன்று கூட்டு. கோப்பு எவ்வளவு பெரிதானாலும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்.

அந்தக் கெட்சாரில் எனக்கு ரொம்பப் பிடித்த நுணுக்கம் ஒன்று. எழுத்து தர வேண்டியவன் எழுத்தைத் தருவதில்லை, ஒரு முழு எண்ணைத் தருகிறான். ஏன்? ஒரு பைட்டுக்கு 256 மதிப்புகள் உண்டு. கோப்புக்குள் இந்த 256-ல் எது வேண்டுமானாலும் வரலாம். அப்படியானால் 'கோப்பு முடிந்தது' என்பதை எதைக் கொண்டு சொல்வது? 257-வதாக ஒன்று வேண்டும். அதனால் முடிவுக்கு ஒரு எதிர்ம எண்ணை, வழக்கமாக -1-ஐ, திருப்பித் தருகிறான். இது தெரியாமல் அவன் தந்ததை ஒரு எழுத்துக்குரிய சிறிய இடத்தில் போட்டு வைத்தால், பல கணினிகளில் 255 என்ற பைட்டும் -1 போலவே தெரியும். அந்த பைட் வந்த இடத்திலேயே கோப்பு முடிந்ததாகப் புரோகிராம் நின்றுவிடும். பிழைச் செய்தி கிடையாது. பாதிப் பட்டியல் மட்டும் வரவாகும், மீதிப் பேருக்குச் சம்பளம் இல்லை, கணினியோ வேலை முடிந்தது என்கிறது. வங்கிக் கோப்புகளின் கடைசி வரியில் மொத்தம் எத்தனை பதிவு, மொத்தத் தொகை எவ்வளவு என்று எழுதியிருப்பது சும்மா இல்லை. கோப்பு முடிந்துவிட்டது என்று புரோகிராம் சொன்னால் நம்பாதே, பட்டியலே சொல்லட்டும் என்ற முன்ஜாக்கிரதை.

இன்னொன்று. '1250' என்ற எண் எங்கே முடிகிறது? 0 வந்ததும் முடிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது, அடுத்து இன்னொரு 0 வரலாம். அடுத்த எழுத்தைப் படித்துப் பார்த்தால்தான் தெரியும். அது வெற்றிடம் என்றால் எண் முடிந்தது. ஆனால் ஒரு எழுத்தைக் கூடுதலாகப் படித்துவிட்டோமே? அதைத் திருப்பிக் கொடுக்க சி மொழியில் ஒரு வசதி உண்டு. படித்ததைப் 'படிக்கவில்லை' என்று வரிசையில் திரும்ப வைத்துவிடலாம். ஒரே ஒரு எழுத்துக்குத்தான் உத்தரவாதம்.

ஒவ்வொன்றாகக் கேட்டால் மெதுவாக இருக்காதா என்று தோன்றும். ஒவ்வொரு எழுத்துக்கும் வட்டு வரை போய் வந்தால் மெதுவாகத்தான் இருக்கும். கேஷியர் ஒவ்வொரு நோட்டுக்கும் ஸ்ட்ராங் ரூமுக்குப் போவாரா? காலையில் கட்டுக் கட்டாக எடுத்து வந்து மேஜை அறையில் வைத்துக்கொண்டு, கவுண்டரில் ஒவ்வொரு நோட்டாகத் தருகிறார். கெட்சாரும் அப்படியே. பின்னால் ஒரு பெரிய துண்டாக வாங்கி வைத்துக்கொண்டு, நமக்கு ஒவ்வொன்றாக நீட்டுகிறான்.

பத்தி வேண்டாம் என்றால் பெயரையும் தொகையையும் எப்படிப் பிரிப்பது? நடுவில் காற்புள்ளி போடு என்றார்கள். சரி, தொகையே 1,25,000 என்றால்? ஒரு தொகை மூன்று துண்டாகும். அப்படியானால் மேற்கோள் குறிக்குள் வை. உள்ளே வருகிற காற்புள்ளியைப் பொருட்படுத்தாதே. உள்ளேயே மேற்கோள் குறி வந்தால்? அதை இரண்டு தடவை போடு. மறுபடியும் உள்ளேயா வெளியேயா என்ற ஞாபகம். எல்லோரும் பல வருஷங்களாக ஆளுக்கொரு விதமாகச் செய்துகொண்டிருந்த இதை ஒரு பொது விவரணையாக எழுதி வைத்தது 2005-ல்தான்.

இனி என் மேஜைக்கு வருகிறேன். டெலக்ஸுக்கு மாற்றாக 1973-ல் 15 நாடுகளின் 239 வங்கிகள் சேர்ந்து பெல்ஜியத்தில் ஸ்விஃப்ட் அமைப்பைத் தொடங்கின. 1977-ல் செய்திகள் ஓட ஆரம்பித்தன. பணம் அனுப்பும் பழைய எம்.டி. 103 செய்தியைப் பார்த்தால் அது முழுக்க முழுக்க ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பதற்காகவே செய்யப்பட்டது என்று புரியும். வரியின் முதல் எழுத்து முக்காற்புள்ளி என்றால் புதுப் புலம் தொடங்குகிறது. :59: என்றால் பணம் பெறுபவர். வரியின் முதல் எழுத்து சிறுகோடாக இருந்து, அடுத்தது வளைந்த அடைப்பு என்றால் செய்தி முடிந்தது. அதனால் பெயரோ விலாசமோ ஒரு வரியின் தொடக்கத்தில் முக்காற்புள்ளியையோ சிறுகோட்டையோ கொண்டிருக்கக் கூடாது. விலாசத்தை மடித்து எழுதும்போது சிறுகோடு தற்செயலாக அடுத்த வரியின் தலையில் போய் உட்கார்ந்தாலே செய்தி செல்லாது.

பெயருக்கும் விலாசத்துக்கும் சேர்த்து நான்கு வரி, வரிக்கு 35 எழுத்து. அனுமதித்த எழுத்துகள் ஆங்கில எழுத்துகள், எண்கள், வெற்றிடம், அப்புறம் சாய்கோடு, சிறுகோடு, கேள்விக்குறி, முக்காற்புள்ளி, அடைப்புக்குறிகள், புள்ளி, காற்புள்ளி, மேல்கொட்டு, கூட்டல் குறி. இந்தப் பட்டியலை டெலக்ஸ் விசைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அதே குறிகள். போதோவின் ஐந்து துடிப்புக்குள் இடம் பிடித்தவர்கள் உள்ளே, மற்றவர்கள் வெளியே. மின்னஞ்சலின் 'அட்' குறி இல்லை. கம்பெனிப் பெயர்களில் வரும் '&' இல்லை, 'அண்டு' என்று எழுத்தில் எழுத வேண்டும். தமிழோ, அரபியோ, சீனமோ இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நாடுகடந்த பணச் செய்திகள் எக்ஸ்.எம்.எல். வடிவத்துக்கு மாறும் இடைக்காலம் 2025 நவம்பரில் முடிந்தது. புது வடிவத்துக்குள் எந்த மொழி எழுத்தையும் வைக்க இடம் உண்டு. நடைமுறை விதிகள் இன்னமும் லத்தீன் எழுத்தைத்தான் கேட்கின்றன.

நம் எழுத்து கணினிக்குள் எப்படி வந்தது? அதுவும் இதே கதைதான். யூனிகோடுக்கு முன்பிருந்த பல எழுத்துருக்களில், தட்டச்சுப் பொறியில் அடிக்கிற மாதிரி கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் இருக்கும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடு உச்சரிப்பு வரிசையைப் பின்பற்றுகிறது: முதலில் க, பிறகு உயிர்க்குறி. 2000-களில் 'பொங்குதமிழ்' போன்ற மாற்றிகளை வைத்துப் பழைய பதிவுகளை யூனிகோடுக்குக் கொண்டுவந்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் புரோகிராமுக்குள் என்ன நடக்க வேண்டும்? கொம்பைக் கண்டால் அதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திரு. க வந்தது, இன்னும் முடிவு செய்யாதே, அடுத்ததைப் பார். கால் வந்தால் 'கொ'. வேறு ஏதாவது வந்தால் இது 'கெ'. வந்ததைத் திரும்ப வரிசையில் வை. 1250-க்குச் செய்த அதே வேலை. இந்தி பேசும் மாநிலங்களில் வேலை பார்ப்பவர்கள் ராஜபாஷா பிரிவில் இதையே பார்த்திருப்பீர்கள். 'கிருதி தேவ்' எழுத்துருவில் குறில் இகரக் குறியை முதலில் அடித்து, பிறகுதான் மெய்யை அடிப்பார்கள். அதை யூனிகோடுக்கு மாற்றும்போது கூட்டெழுத்து வரும் இடங்களில்தான் சொதப்பும்.

யூனிகோடின் முதல் பதிப்பு 1991-ல் வந்தபோதே தமிழுக்கு இடம் இருந்தது, இந்திய அரசின் இஸ்கி வரிசையை ஒட்டி. அதில் அகரமேறிய மெய் ஒரு குறி, புள்ளி ஒரு குறி. 'க' ஒன்று, 'க்' இரண்டு. இலக்கணப்படி க் தான் மூலம், க என்பது க்-உம் அ-வும் சேர்ந்தது. கணினியில் தலைகீழ். இதில் பலருக்குக் கோபம், நியாயமான கோபம். ஒவ்வொரு எழுத்துக்கும் தனி இடம் தருகிற டேஸ் 16 என்ற முறையைத் தமிழக அரசு 2010-ல் யூனிகோடோடு சேர்த்துத் தரமாக அறிவித்தது. ஆனாலும் இன்று நம் கைபேசிகளில் ஓடுவது யூனிகோடுதான்.

அந்த யூனிகோடைக் கோப்பில் பைட்டுகளாக எழுதும் யு.டி.எஃப்-8 முறையை 1992 செப்டம்பரில் உருவாக்கியவர்கள் ராப் பைக்கும், மறுபடியும், கென் தாம்ப்சனும். நியூ ஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் வரைந்தார்களாம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. முதல் பைட்டைப் பார்த்தாலே எத்தனை வரப்போகிறது என்று தெரியும்; நடு பைட்டைப் பார்த்தாலே 'இது தொடக்கம் இல்லை' என்று தெரியும். மாற்றுக்குறி தொலைந்தால் அடுத்த மாற்றுக்குறி வரை எல்லாம் குழம்புகிற போதோவின் தொல்லை இதில் இல்லை. ஒன்று கெட்டால் ஒன்றோடு போகும்.

ஆனால் கெட்சார் இன்னும் ஒரு பைட்டைத்தான் நீட்டுகிறான். தமிழில் அது ஒரு குறியின் மூன்றில் ஒரு பங்கு.

திருநாவுக்கரசு என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடக் கணக்குப்படி எட்டு எழுத்து: தி, ரு, நா, வு, க், க, ர, சு. யூனிகோடு குறிகள் 14. பைட்டுகள் 42. சி மொழியில் நீளம் கேட்டால் 42 என்று சொல்லும். பைத்தானில் கேட்டால் 14. ஆப்பிள் 2014-ல் வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழியில் (நம் வங்கி ஸ்விஃப்ட் இல்லை, இது வேறு) கேட்டால் 8. மூன்றுமே அதனதன் கணக்கில் சரி. பெயருக்கு 20 இடம் என்று வைத்த ஒரு புரோகிராம் பைட்டை எண்ணினால், 'திருநா' வரை வந்து, வகரத்தின் மூன்றில் இரண்டு பங்கோடு வெட்டிவிடும். அந்த மிச்சம் திரையில் கேள்விக்குறி போட்ட கருப்புக் கட்டமாகத் தெரியும். ஒன்பதாவது குறியோடு வெட்டினால் புள்ளி விழுந்து 'திருநாவுக' என்று நிற்கும். இதையே ஆங்கிலத்தில் எழுதினால் 16 எழுத்து, 16 குறி, 16 பைட், வம்பே இல்லை. கவுண்டரில் தமிழ்க்காரர், மராத்திக்காரர் எல்லோரிடமும் ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்று சொல்லச் சொல்வது இந்தக் கணக்குதான்.

எங்கள் கிளைக்குப் புது மென்பொருள் காட்ட வருகிறவர்கள் 'எந்த மொழியும் ஏற்கும் சார், பெயருக்கு 40 எழுத்து' என்பார்கள். நான் 'திருநாவுக்கரசு' என்று அடித்து, கர்சரை க்-குக்கு அந்தப் பக்கம் வைத்து ஒரே ஒரு தடவை அழிக்கும் விசையை அழுத்திப் பார்ப்பேன். சிலவற்றில் க் முழுசாகப் போகும். சிலவற்றில் புள்ளி மட்டும் போகும். அதற்கப்புறம்தான் அந்த 40 என்பது எந்த எழுத்து என்று பேச்சு ஆரம்பிக்கும்.